விரலுக்குத் தெரியும் அழுக்கு

சீனச் சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால், சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே மாலை நேரங்களில் புகை எழத் தொடங்கும். மறைந்த முன்னோருக்காகவும் பசியோடு அலையும் ஆவிகளுக்காகவும் காகிதப் பணத்தை எரிப்பது சீனர்களின் வழக்கம். காகிதத்தில் செய்த சட்டை, கைக்கடிகாரம், வீடு, கார் என்று எல்லாமே நெருப்புக்குள் போகும். நகர மன்றங்கள் இதற்கென்றே இரும்புத் தொட்டிகள் வைத்திருக்கின்றன. ஆனாலும் காற்று ஒரு சுழற்று சுழற்றினால் கரிந்த காகிதத் துணுக்குகள் பக்கத்து புளோக் வரை பறந்துவிடும். மறுநாள் காலை, திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நிற்கும் கார்களின் மேல் சாம்பல் பூத்துக் கிடக்கும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பலர் பின்னிருக்கையில் கிடக்கும் காய்ந்த துணியை எடுத்து, போனட்டையும் கண்ணாடியையும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் புறப்படுகிறார்கள்.

வெயிலில் பார்த்தால் காரின் மேல் சிலந்தி வலைபோலத் தெரியும் மெல்லிய கீறல்களில் பல இப்படித்தான் பிறக்கின்றன.

சாம்பலாவது தண்ணீரில் போய்விடும். 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டபோதும், 2015 செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிகளை மூடவேண்டி வந்தபோதும், புகைமூட்டம் கார்களின் மேல் ஒரு சாம்பல் நிறப் படலத்தை விட்டுச் சென்றது. நிறையத் தண்ணீரும் நல்ல ஷாம்பூவும் அதற்குப் போதும். கழுவித் துடைத்து, கார் பளபளவென்று நின்ற பிறகும் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்குக்குத்தான் வேறு வழி தேவை. அது கண்ணுக்கு எளிதில் படாது, விரலுக்குப் படும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. காரைக் கழுவி முடித்த கையோடு, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் கையை விட்டுக்கொள்ள வேண்டும். தேக்கா சந்தையில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் போட்டுத் தருவார்களே, அந்தப் பையே போதும். பையோடு விரல் நுனிகளால் போனட்டின் மேல் மெதுவாகத் தடவ வேண்டும். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் இப்போது சொரசொரவென்று உறுத்தும். விரலின் தோல் பெயின்டோடு ஒட்டி இழுபடுவதைப் பை குறைத்துவிடுவதால், சிறு மேடுகள்கூடத் தனித்தனியாகத் தட்டுப்படுகின்றன. முதல்முறை செய்து பார்ப்பவர்கள் திடுக்கிடுவது உண்டு. காட்சியறையிலிருந்து எடுத்து ஓராண்டுகூட ஆகாத காரிலும் இந்தச் சொரசொரப்பு இருக்கும். கப்பலில் வந்து, துறைமுகத்து நிறுத்துமிடத்தில் நாள்கணக்கில் நின்ற கார்தானே அது.

அந்தச் சொரசொரப்பை எடுக்க உலகம் முழுவதும் கார் பராமரிப்பவர்கள் பயன்படுத்துவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மெத்தென்ற கட்டி. அதன் பெயர் க்ளே பார். சிங்கப்பூரில் கார் சாமான் விற்கும் கடைகளில் பெரும்பாலும் 20, 30 வெள்ளிக்குள் கிடைத்துவிடும். தொழில்முறை நிலையத்தில் காரை விட்டு முழுப் பராமரிப்பும் செய்துகொண்டால் கட்டணம் நூற்றுக்கணக்கான வெள்ளிக்குப் போகும். அந்த வேலையின் ஒரு முக்கியப் பகுதியை யாரும் தாமே செய்யலாம். ஆனால் இந்தக் கட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் தொடக்கூடாது.

முதலில் தொடப்போவது எதை என்று பார்ப்போம். இன்றைய காரின் மேல்தோல் ஒரே பூச்சு அல்ல. உலோகத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனுக்கே பெரும்பாலும் எட்டாது. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மெல்லிய அடுக்குதான். இது தேய்ந்தால் திரும்ப வளராது. வீட்டில் செய்யும் எந்தச் சுத்தத்துக்கும் இந்த 40 மைக்ரான்தான் கணக்கு.

இந்த அடுக்கின் மேல் வந்து குத்திக்கொள்பவற்றில் முதலிடம் இரும்புத் துகளுக்கு. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் வார்ப்பிரும்பு வட்டும் பிரேக் பேடும் உரசி, சூடான நுண்துகள்கள் தெறிக்கின்றன. விரைவுச்சாலையில் நெரிசல் நேரத்தில் நின்று நின்று போகும் ஆயிரக்கணக்கான வாகனங்களை நினைத்தால் எவ்வளவு துகள் பறக்கும் என்பது புரியும். தரைக்கு மேலே ஓடும் ரயில் தடங்களின் பக்கத்திலும் சக்கரமும் தண்டவாளமும் உரசுவதால் இதே இரும்புத் தூள் உண்டு. பெயின்டில் ஒட்டிய துகள் ஈரத்தில் துருப்பிடிக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்யும் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக் காரின் பின்பக்கத்திலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரிந்தால், கார் துருப்பிடிக்கிறது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் துருப்பிடித்திருப்பது அந்த வேண்டாத விருந்தாளிதான். ஆனால் அப்படியே விட்டுவைத்தால் அது கிளியர் கோட்டுக்குள் இறங்கும்.

மின்கார்களில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே எடுத்துக்கொள்வதால் பிரேக் வட்டு அவ்வளவாக உரசுவதில்லை. 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவான கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்கார். ஆனால் பக்கத்துத் தடத்தில் போகும் லாரியின் பிரேக் தூள் மின்காரையும் விட்டுவைக்காது.

அடுத்தது பெயின்ட் தூவல். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்கு நகர மன்றங்கள் 5 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுவண்ணம் பூசுகின்றன. அப்போது அருகில் நிற்கும் கார்களில் கண்ணுக்குத் தெரியாத சாயத் துளிகள் படிந்து காய்ந்துவிடும். வேலை தொடங்கும் முன் மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்பை வாசித்துக் காரை நகர்த்திவைப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். மரங்களும் சும்மா இருப்பதில்லை. சாலையோரங்களில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் நிழல் தருகின்றன. கூடவே பிசினும், இலைகளில் வாழும் பூச்சிகள் கசியவிடும் இனிப்பான ஒட்டுநீரும் கீழே சொட்டும். புதிதாகத் தார் போட்ட சாலையில் போனால் சக்கரத்துக்குப் பின்னால் கறுப்புப் பொட்டுகள். மாலையில் கூட்டமாக வந்தடையும் மைனாக்களின் எச்சத்தைப் பற்றிச் சிங்கப்பூரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இவற்றில் சில பெயின்டுக்கு மேலே எழுந்து நிற்கும். சில பெயின்டைத் தின்று கீழே இறங்கும். க்ளே பார் மேலே எழுந்து நிற்பதைத்தான் எடுக்கும். இரும்புத் துகள், பெயின்ட் துளி, காய்ந்த பிசின் எல்லாம் மேடு. கீறல், பறவை எச்சம் வெயிலில் காய்ந்து உண்டாக்கிய தழும்பு, மழைத்துளி காய்ந்து அரித்த வட்டம் எல்லாம் பள்ளம். பள்ளத்தை எந்தக் கட்டியாலும் நிரப்ப முடியாது. சுற்றியிருக்கும் பெயின்டைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்தத்தான் முடியும். க்ளே பார் வாங்கி மணிக்கணக்கில் உழைத்துவிட்டுக் கீறல் போகவில்லையே என்று நொந்துபோகிறவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள். எச்சம் விழுந்த உடனே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் பள்ளம் விழாது.

பெயரில்தான் களிமண். உள்ளே இருப்பது பாலிபியூட்டீன் போன்ற செயற்கைப் பிசினும், அதில் பிசைந்து கலந்த மிக நுண்ணிய தேய்ப்புத் தூளும். ஜப்பானியரான டடாவோ கொடாடே இதற்கு அமெரிக்காவில் 1995 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். அந்த ஆவணம் இதை நெகிழும் தேய்ப்புக்கல் என்று விவரிக்கிறது. சாணைக்கல் விறைப்பானது, படும் இடத்தையெல்லாம் தேய்க்கும். கொடாடேயின் கல் வளைந்து கொடுக்கும். பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டே போய், எழுந்து நிற்பதில் மட்டும் மோதி அதைப் பிடுங்கித் தன் உடம்புக்குள் புதைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் இதை அதிகம் கொண்டாடியவர்கள் கார்களுக்குச் சாயம் பூசும் பட்டறைக்காரர்கள். ஒரு கதவுக்குப் பூசும்போது பக்கத்துக் காரில் தெறிக்கும் சாயத்தைப் பிளேடாலும் கரைப்பானாலும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. பட்டறையிலிருந்துதான் இது கார் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது.

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பது சாதாரணச் செலவு அல்ல. 1990 மே மாதம் முதல் நடப்பில் இருக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இங்கே கார் பதிவு செய்ய முடியாது. அதன் ஆயுள் 10 ஆண்டு. 2023 அக்டோபர் ஏலத்தில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 106,000 வெள்ளிக்குப் போனது. பெரிய கார்களுக்கு 150,001 வெள்ளி. கார் விலை அதற்கு மேல். இவ்வளவு கொடுத்தவர் பெயின்டைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பதில் வியப்பில்லை. ஆனால் ஒரு கணக்கை நேர்மையாகச் சொல்லவேண்டும். 10 ஆண்டு முடியும் முன் காரைப் பதிவுநீக்கம் செய்யும்போது அரசாங்கம் தரும் கழிவு, கார் வாங்கியபோது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தையும் காரின் வயதையும் வைத்துக் கணக்கிடப்படுவது. பெயின்ட் மின்னினாலும் மங்கினாலும் அதில் ஒரு வெள்ளி கூடாது, குறையாது. இடையில் விற்க நினைப்பவர்களுக்கும், சான்றிதழைப் புதுப்பித்து மேலும் 5 அல்லது 10 ஆண்டு ஓட்டப்போகிறவர்களுக்கும்தான் பெயின்டின் நலம் பணமாகிறது. மற்றவர்களுக்கு அது தினமும் ஏறி இறங்கும் பொருளின் மேல் உள்ள அக்கறை. அதுவும் நியாயமான காரணம்தான்.

வேலைக்கு வருவோம். வெயிலில் நின்ற காரைத் தொடவே கூடாது. உச்சிவேளையில் கறுப்பு போனட்டின் மேல் கைவைக்க முடியாது. அந்தச் சூட்டில் தெளித்த நீர் நொடியில் ஆவியாகி, கட்டி இளகிப் பெயின்டில் அப்பிக்கொள்ளும். காலை 8 மணிக்கு முன்போ மாலை சாய்ந்த பிறகோ, தகடு குளிர்ந்திருக்கும்போது நிழலில் தொடங்கவேண்டும். பலமாடி நிறுத்துமிடத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் கொடுப்பினை உண்டு.

முதலில் முழுக் கழுவல். மணலும் தூசியும் இருக்கும்போது கட்டியை வைத்தால் அந்த மணலைக்கொண்டே காரைத் தேய்த்ததாகிவிடும். இரண்டு வாளி வைத்துக்கொள்வது நல்லது: ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றொன்றில் துணியை அலசும் வெறும் தண்ணீர். ஆரஞ்சுப் புள்ளிகள் நிறைய இருந்தால், கழுவிய பிறகு இரும்பு நீக்கித் திரவத்தைத் தெளிக்கலாம். அதில் இருக்கும் அம்மோனியம் தையோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக வழியும். அழகு நிலையத்தில் முடியைச் சுருட்டையாக்கப் பயன்படும் அதே வேதிப்பொருள்தான். அதனால்தான் மூக்கைப் பொத்த வைக்கும் அந்த நெடி. கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், திரவம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். இதைச் செய்தால் கட்டிக்குப் பாதி வேலை மிச்சம். உரசலும் அந்த அளவுக்குக் குறையும். தார்ப் பொட்டுகளுக்கும் தனித் திரவம் இருக்கிறது. வேதிப்பொருளால் கரைவதைக் கரைத்துவிட்டு, கரையாததை மட்டும் கட்டியிடம் விடுவதே பெயின்டுக்கு நல்லது.

க்ளே பாரில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று தரம் உண்டு. வீட்டில் செய்பவர்களுக்கு மென்மையானது மட்டுமே ஏற்றது. கடினமானது பட்டறைக்கு உரியது. பின்னால் இயந்திரத்தில் பாலிஷ் போடப்போகிறவர்கள் கையில் இருக்கவேண்டியது. முழுக் கட்டியையும் எடுக்க வேண்டாம். ஒரு துண்டு வெட்டி, உள்ளங்கையில் வைத்துச் சூடேறப் பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்குச் சப்பையாகத் தட்டிக்கொள்ள வேண்டும். பரோட்டாவுக்கு மாவைப் பிசைந்து தட்டத் தெரிந்த கைக்கு இது தானாக வரும்.

பிறகு நழுவுநீர். இதில் சிக்கனம் பார்ப்பவர்கள்தான் பெயின்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கட்டிக்கும் பெயின்டுக்கும் இடையில் எப்போதும் ஒரு நீர்ப்படலம் இருந்தாக வேண்டும். கட்டியோடு பெட்டியில் வரும் தெளிப்பானைப் பயன்படுத்தலாம்; ஷாம்பூ கொஞ்சம் கலந்த தண்ணீரும் போதும். இரண்டடிக்கு இரண்டடி பரப்பை எடுத்துக்கொண்டு, அது நனையும்படி தெளித்து, கட்டியையும் நனைத்து, விரல்களின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல் முன்னும் பின்னும் நேர்கோட்டில் நகர்த்த வேண்டும். வட்டமாகத் தேய்க்கக்கூடாது. தவறிக் கீறல் விழுந்தாலும் நேர்கோட்டுக் கீறல் வட்டக் கீறலைப்போல எல்லாப் பக்கமிருந்தும் கண்ணில் குத்தாது.

காதைத் தீட்டிக்கொள்வது உதவும். முதல் சில இழுப்புகளில் சரசரவென்று ஒரு மெல்லிய ஓசை கேட்கும். கைக்கும் ஒரு நெருடல் தெரியும். துகள்கள் விலக விலக ஓசை தேய்ந்து, கட்டி வழுக்கத் தொடங்கும். வழுக்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பது வெறும் பெயின்டைத் தேய்ப்பது. கட்டி ஒட்டி இழுத்தால் நீர் போதவில்லை என்று பொருள். ஒவ்வொரு பரப்பும் முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றித் துடைத்து, கட்டியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் தெரியும். அந்த முகத்தை உள்ளே மடித்துப் பிசைந்து, புது முகத்தை வெளியே கொண்டுவந்துதான் அடுத்த பரப்புக்குப் போகவேண்டும்.

கூரையில் தொடங்கி, போனட், பின்பக்க மூடி, கதவுகளின் மேல்பாதி என்று இறங்கவேண்டும். கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசி. மண்ணும் தாரும் அதிகம் ஒட்டியிருப்பவை அவைதான். கட்டி கைதவறித் தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு புதியதாக இருந்தாலும் குப்பைத்தொட்டிக்கே போகவேண்டும். சிமெண்டுத் தரையில் ஒட்டிய ஒரு மணற்பருக்கை போதும், கூரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கோடு இழுக்க. துண்டு துண்டாக வெட்டிப் பயன்படுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பயமே வேண்டாம் என்பவர்களுக்கு, இதே வேலையைச் செய்யும் செயற்கை ரப்பர் பூசிய கையுறைகளும் துணிகளும் வந்திருக்கின்றன. விழுந்தால் அலசிவிட்டுத் தொடரலாம். பரப்பும் அகலமாதலால் நேரம் மிச்சம். ஆனால் விரல் நுனிக்கு வரும் அந்த நெருடல் அவற்றில் மங்கிவிடுகிறது. முதல்முறை செய்பவருக்குக் கட்டியே நல்ல ஆசான்.

எங்கே செய்வது என்பது சிங்கப்பூரில் பெரிய கேள்வி. சொந்தத் தாழ்வாரமும் தண்ணீர்க் குழாயும் உள்ள தரைவீடுகள் சிலருக்கே வாய்த்தவை. குடியிருப்பாளர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். நிறுத்துமிடத்தில் நினைத்த இடத்தில் வாளியைக் கவிழ்க்க முடியாது. காரைக் கழுவுவதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் கழுவவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைக் கெடுபிடி என்று நினைப்பவர்கள் தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் மனம் மாறுவார்கள். சிங்கப்பூரில் மழைநீர்க் கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழைநீர், கால்வாய்கள் வழியே நீர்த்தேக்கங்களுக்குப் போய்க் குடிநீராகிறது. லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் புக்கிட் தீமா சாலையை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயும் அப்படித்தான். அதன் தண்ணீர், 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு உருவாக்கிய நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. ரேஸ் கோர்ஸ் சாலையோரச் சாக்கடையில் இரும்பு நீக்கியையும் ஷாம்பூ நுரையையும் ஊற்றினால், அவை போய்ச் சேருவது நாம் குடிக்கும் நீரில். கழுவும் இடங்களின் வடிகால் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது அதனால்தான்.

பெட்ரோல் நிலையத்தில் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, மீதி வேலையை ஒரு வாளியோடு முடிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. அலசத் தேவையில்லாத வகைக் கழுவுதிரவங்கள் இதற்குக் கைகொடுக்கும். ஒரு வாளித் தண்ணீரில் சிறிதளவு கலந்தால் போதும். அதிலுள்ள பாலிமர்கள் தூசியைப் பொதிந்து எடுக்கும். அதையே சற்றுக் கெட்டியாகக் கலந்தால் க்ளே பாருக்கு நழுவுநீராகவும் ஆகும். தரையில் ஓடும் அளவுக்குத் தண்ணீரே வராது.

தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. புதுக் கார் எடுத்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவதும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதும், போனட்டில் சந்தனமும் குங்குமமும் மஞ்சளும் வைப்பதும் நம் வழக்கம். ஆயுத பூசைக்கும் அப்படியே. வைத்த பொட்டை உடனே அழிக்க மனம் வராது. வெயிலில் சில நாள் காய்ந்து இறுகிவிடும். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டுவதும் உலர்ந்த துணியால் தேய்ப்பதும்தான் தவறு. நனைத்த துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டுவைத்தால் இளகித் தானாக வரும். மஞ்சள் விட்டுச்செல்லும் சாயம் பெயின்டுக்கு மேலே நிற்கும் மேடு அல்ல. க்ளே பார் அதற்கு மருந்தும் அல்ல. மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் தானே வெளுத்துப்போகும் இயல்புடையது, பொறுத்திருந்தால் போதும்.

எல்லாக் காருக்கும் க்ளே பார் பொருந்தாது. பளபளப்பில்லாத மேட் பூச்சில் இதைத் தொட்டால் அங்கங்கே மின்னும் திட்டுகள் விழும். அவற்றை நீக்க வழியில்லை. நிறப்படலம் ஒட்டிய கார்களிலும், பாதுகாப்புப் படலம் ஒட்டியவற்றிலும், படலம் தயாரித்தவர் அனுமதித்தாலொழியச் செய்யக்கூடாது. செராமிக் பூச்சுப் போட்டிருந்தால், க்ளே பார் அந்தப் பூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். அங்கே இரும்பு நீக்கியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பக்கத்துக் கட்டுமானத் தளத்திலிருந்து சிமெண்டுக் கலவை தெறித்துக் காய்ந்திருந்தால் தொழில் தெரிந்தவரிடம் போகவேண்டும். கட்டியால் அதைப் பெயர்க்க முயன்றால் சிமெண்டோடு பெயின்டும் வரும்.

வேலை முடிந்ததும் பெயின்ட் கண்ணாடியாக இருக்கும். ஆனால் அம்மணமாகவும் இருக்கும். துகள்களோடு பழைய மெழுகும் போயிருக்கும். அன்றே மெழுகோ சீலண்டோ பூசாமல் விட்டால், அடுத்த வாரமே புதுத் துகள்கள் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் கட்டி உரசிய மெல்லிய மங்கல் தெரியலாம். அதற்கு மெழுகுக்கு முன் மென்மையான பாலிஷ் ஒருமுறை தேவைப்படும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்வது என்று பலர் கேட்பார்கள். ஆண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. காலெண்டரைப் பார்த்துச் செய்யவே வேண்டாம். பிளாஸ்டிக் பையோடு தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருக்கும் பகுதிக்கு மட்டும் செய்தால் போதும். பல கார்களில் போனட்டுக்கும் பின்பக்கத்துக்கும் தேவைப்படும்போது கூரைக்குத் தேவைப்படாது. மாதாமாதம் செய்பவர்கள் சுத்தத்தின் பெயரால் கிளியர் கோட்டைக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயன்படுத்திய துண்டை, ஒரு தெளிப்பு நீர் விட்டுக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் வைத்தால் காய்ந்து போகாது. மடிக்க மடிக்கச் சுத்தமான முகமே கிடைக்காத நிலைக்கு அது வந்துவிட்டால் பெயின்டுக்கு அதன் ஆயுள் முடிந்தது. மணல் படாத துண்டாக இருந்தால், தூக்கிப் போடும் முன் முன்கண்ணாடிக்கு ஒருமுறை பயன்படுத்தலாம். கண்ணாடி பெயின்டைவிடக் கடினம். அதே நழுவுநீர், அதே நேர்கோட்டு இழுப்பு. வைப்பர் ஓடும்போது கடகடவென்று துள்ளுவதற்கும், கோடுகோடாக நீரை விட்டுச் செல்வதற்கும் ரப்பரைக் குறை சொல்லிப் புது வைப்பர் வாங்குகிறவர்கள் பலர். கண்ணாடியில் ஒட்டிய பிசினும் எண்ணெய்ப் படலமும் காரணமாக இருந்தால், பத்து நிமிட வேலையில் அந்தச் சத்தம் அடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இதைச் செய்துவைப்பது, இரவு மழையில் விரைவுச்சாலையில் ஓட்டுகிறவருக்குப் பெயின்டின் பளபளப்பைவிடப் பெரிய உதவி.